முற்றிய நோயிலும் முயற்சி வேண்டும்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற முதியோர் நாளன்று, திருப்பலிக்குப் பின் பங்கு மன்றத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா என்றால் கொடியேற்றம், தேர்ப்பவனி, நாடகம், அன்பின் விருந்து எல்லாம் உண்டு. இவ்வாண்டு விழாக் குழுவினர் முதியோருக்கென்றே ஒரு நாளை ஒதுக்கி, "சாமி, உடல்நலத்தைப் பற்றி ஏதாவது பேச வேண்டும்" என்று கேட்டுக்கொண்டார்கள். நான் டாக்டர் அல்ல. ஆனால் 25 ஆண்டுகளுக்கு மேலாக நோயாளிகளின் கட்டிலருகே போய் வருகிறவன். அங்கே கண்டதையும், மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்ததையும் வைத்துக்கொண்டு, நம் ஆண்கள் வாய்திறந்து பேசத் தயங்கும் ஒரு நோயைப் பற்றி இன்று பேசத் துணிகிறேன். அதுவே புராஸ்டேட் புற்றுநோய். அந்நோய் முற்றிய நிலையில் இருப்பவர் உடற்பயிற்சி செய்யலாமா, கூடாதா என்பதே என் பேச்சின் பொருள்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் விஷயம் தெரிந்த ஒருவருடைய மேற்பார்வையில் செய்ய வேண்டும். இந்த வாக்கியத்தில் முன்பாதியை மட்டும் கேட்டு எழுந்து போகிறவருக்கும் ஆபத்து. பின்பாதியை மட்டும் கேட்டுப் பயந்து படுத்துவிடுகிறவருக்கும் ஆபத்து. ஆகையால் முழுவதையும் பொறுமையாகக் கேட்கும்படி வேண்டுகிறேன்.

நோயும் அதன் மருந்தும்

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டுமே உள்ள ஒரு சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, ஏறத்தாழ ஒரு பெரிய நெல்லிக்காய் அளவில், சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்திருக்கிறது. வயது ஏற ஏற இது பலருக்கு வீங்கும். இரவில் நாலைந்து முறை எழுந்து போக வைக்கும். அப்படி வீங்குவதெல்லாம் புற்றுநோய் அல்ல. பெரும்பாலும் அது வயதின் வீக்கமே. சிலருக்கு அச்சுரப்பியிலேயே புற்றுநோய் தோன்றுகிறது. அது சுரப்பியை விட்டு வெளியேறினால் முதலில் தேடிப் போகுமிடம் எலும்பு. குறிப்பாக முதுகெலும்பு, இடுப்பெலும்பு, விலா எலும்பு, தொடையெலும்பின் மேற்பகுதி. இதைத்தான் முற்றிய நிலை என்கிறோம்.

முற்றிய நிலை என்றதும் நாள் எண்ணத் தொடங்கிவிடுகிறோம். நோயில்பூசுதலுக்குக் குருவானவர் வந்தாலே ஆள் பிழைக்கமாட்டார் என்று நம் வீடுகளில் அழுத காலம் ஒன்று இருந்தது. அது சாகிறவருக்கு மட்டுமான அருட்சாதனம் அல்ல என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் விளக்கிய பிறகும் அந்தப் பயம் முழுதும் போகவில்லை. இந்நோயிலும் அதே தவறான கணக்கைப் போடுகிறோம். முற்றிய புராஸ்டேட் நோயோடு பல ஆண்டுகள் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆண்டுகளை எப்படி வாழ்வது என்பதுதான் கேள்வி.

அந்த ஆண்டுகளைத் தந்த சிகிச்சையின் வரலாறு சுவையானது. கனடாவில் பிறந்து, அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டாக்டர் சார்லஸ் ஹக்கின்ஸ் என்பவர், இந்தப் புற்றுநோய் ஆண் ஹார்மோனை உண்டு வளர்கிறது என்று 1941-இல் மெய்ப்பித்தார். அந்த ஹார்மோனைச் சுரக்கும் விரைகளை அகற்றியதும், எலும்பு வலியால் துடித்தவர்களும் எழுந்து நடமாடினார்கள். 1966-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பின்னர் ஆண்ட்ரூ ஷாலி என்ற அறிஞரின் குழுவினர், அந்தச் சுரப்பிகளுக்கு மூளையிலிருந்து செல்லும் கட்டளைப் பொருளின் அமைப்பை 1971-இல் கண்டறிந்தனர். 1977-இல் அவருக்கும் நோபல் பரிசு. அதன் வழியாக வந்ததே இன்று மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ போடும் ஊசி. அறுவையானாலும் ஊசியானாலும் வேலை ஒன்றுதான்: ஆண் ஹார்மோனை ஏறக்குறைய இல்லாமல் செய்துவிடுவது. இதோடு மாத்திரைகளும் வேறு மருந்துகளும் இப்போது சேர்ந்துள்ளன.

மருந்து கேட்கும் விலை

இந்தச் சிகிச்சை உயிரைக் காக்கிறது. ஆனால் விலையும் கேட்கிறது. அந்த விலை இன்னதென்று வீட்டில் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவதாக, தசை கரைகிறது. அந்த இடத்தில் கொழுப்பு சேர்கிறது. வேட்டி இடுப்பில் இறுக்கும். ஆனால் தொடையும் தோளும் மெலிந்துபோகும். இரண்டாவதாக, எலும்பின் உறுதி குறைகிறது. நோய் பரவாத எலும்பும்கூட மெல்ல மெல்ல வலுவிழக்கிறது. ஒருமுறை வழுக்கி விழுந்தால் இடுப்பு முறியலாம். மூன்றாவதாக, காரணமேயில்லாமல் முகமும் கழுத்தும் தீயாய்க் காய்ந்து வியர்த்துக் கொட்டும். நான்காவதாக, சர்க்கரை நோய்க்கும் இருதய நோய்க்கும் இடம் ஏற்படுகிறது. ஐந்தாவதாக, களைப்பு. இது வயலில் வேலை செய்து வந்த களைப்புப் போன்றதல்ல. இரவெல்லாம் தூங்கி எழுந்தாலும் தீராத களைப்பு. இவற்றோடு, "நான் இனி ஆண்பிள்ளையா?" என்று மனிதன் யாரிடமும் கேட்காமல் தனக்குள்ளேயே கேட்டுக்கொள்ளும் கேள்வியும் சேர்ந்துகொள்கிறது.

இந்த நிலையில் குடும்பம் என்ன செய்கிறது? அன்பு செய்கிறது. "நீங்க உட்காருங்க, நாங்க பார்த்துக்கிறோம்" என்கிறது. முன்பு நான் பணிபுரிந்த ஒரு பங்கில் ஒரு பெரியவர் இருந்தார். கல்லுடைக்கும் தொழில் செய்து நான்கு பிள்ளைகளை ஆளாக்கியவர். நற்கருணை கொண்டுபோயிருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "சாமி, ஒரு வாளித் தண்ணி தூக்க விடமாட்டேங்கிறாங்க. நான் இருக்கேனா போயிட்டேனான்னு எனக்கே தெரியலை." பக்கத்தில் நின்ற மனைவி கண்ணீர் விட்டார். அவர் மீது குற்றம் சொல்ல முடியுமா? அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து ஓய்வு. ஆனால் மருந்தினால் ஏற்கெனவே கரைந்துகொண்டிருக்கும் தசையை நாற்காலி இன்னும் விரைவாகக் கரைக்கிறது. தசை கரைந்தால் களைப்பு மிகும். களைப்பு மிகுந்தால் மேலும் உட்காருவோம். கடைசியில் நோய் செய்யாததை நாற்காலி செய்து முடித்துவிடும்.

ஓய்வே மருந்து என்ற இந்த எண்ணம் பெரிய டாக்டர்களிடமும் இருந்ததுதான். மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் அசையாமல் படுக்க வைத்த காலம் உண்டு. 1952-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சாமுவேல் லெவின், பெர்னார்ட் லோன் என்ற இரு மருத்துவர்கள் அப்படிப்பட்டவர்களைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்துச் சிகிச்சை செய்து காட்டினார்கள். அன்று அது துணிச்சலாகத் தோன்றியது. இன்று மாரடைப்பு நோயாளியைச் சில நாளில் நடக்க வைக்கிறார்கள். புற்றுநோயிலும் இதே மாற்றம் வந்திருக்கிறது. நம் வீடுகளுக்குத்தான் இன்னும் வந்து சேரவில்லை.

ஆராய்ந்து கண்டது

பேச்சுக்குச் சொல்லவில்லை, சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கனடாவில் டாக்டர் ரோவான் சீகலும் அவரோடு பணியாற்றியவர்களும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த ஹார்மோன் சிகிச்சை பெறும் 155 ஆண்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் வாரம் 3 முறை வீதம் 12 வாரம், பயிற்சியாளர் பார்த்திருக்க எடை தூக்கினார்கள். மற்றவர்கள் காத்திருந்தார்கள். முடிவில் எடை தூக்கியவர்களுக்குக் களைப்பு குறைந்திருந்தது, தசைவலு கூடியிருந்தது, அன்றாட வாழ்க்கை மேம்பட்டிருந்தது. குணமாக்கும் நோக்கத்தோடு சிகிச்சை பெற்றவர்களுக்கும், வேதனையைத் தணிக்கும் நோக்கத்தோடு மட்டும் சிகிச்சை பெற்றவர்களுக்கும் ஒருபோலப் பலன் கிடைத்தது. எடை தூக்கிய மனிதனுக்குக் களைப்பு குறைந்தது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். நாம் வீட்டில் செய்வதற்கு நேர் எதிரானது அல்லவா இது?

"உடற்பயிற்சி செய்தால் ஆண் ஹார்மோன் ஊறி நோய் வளராதா?" என்று விவரமறிந்தவர் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலுள்ள எடித் கோவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் கல்வாவோ, ராபர்ட் நியூட்டன் முதலியோர், சிகிச்சையில் இருந்த 10 பேருக்கு 20 வாரம் எடைப் பயிற்சி அளித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆண் ஹார்மோனும் ஏறவில்லை. நோயின் அளவைக் காட்டும் பி.எஸ்.ஏ. என்ற இரத்தச் சோதனையின் அளவும் ஏறவில்லை. தசைதான் தடித்தது.

டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரத்தில் வேறொரு வழி கண்டார்கள். இந்நோயுள்ள 57 ஆண்களைச் சேர்த்து, அவர்களில் ஒரு பிரிவினரைக் கால்பந்து ஆட வைத்தார்கள். 12 வாரத்தில் ஆடியவர்களின் உடலில் தசை கூடியது. சிலருக்குக் காயமும் பட்டது. ஆகவே அது எல்லோருக்கும் ஏற்றதல்ல. ஆனாலும் அதில் ஒரு பாடம் இருக்கிறது. நோயைப் பற்றிப் பேச வாருங்கள் என்றால் ஆண்கள் வரமாட்டார்கள். பந்தாட வாருங்கள் என்றால் வருவார்கள்.

மேற்பார்வை என்ற சொல்லுக்குப் பொருள் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் தெரிந்தது. நோய் முற்றிய நிலையில் நெடுநாள் சிகிச்சை பெற்றுக்கொண்டு, உடலை அசைக்காமலே இருந்துவந்த 100 ஆண்களை ஆய்வில் சேர்த்தார்கள். ஒரு பாதியினருக்கு 12 வாரம் உடற்பயிற்சியும் உணவு ஆலோசனையும் அளித்தார்கள். நல்ல முன்னேற்றம். பிறகு ஆதரவை நிறுத்திவிட்டு, 6-ஆம் மாதத்தில் மீண்டும் பார்த்தார்கள். களைப்புக் குறைவு ஓரளவு நிலைத்திருந்தது. ஆனால் வாழ்க்கைத் தரத்தில் கண்ட முன்னேற்றம் மங்கிவிட்டது. இது 2014-இல் வெளியான ஆய்வு. பக்கத்தில் ஒருவர் நின்று "வாருங்கள், இன்னும் ஐந்து முறை" என்று சொல்லும் வரையில் மனிதன் செய்கிறான். அவர் போய்விட்டால் அவனும் உட்கார்ந்துவிடுகிறான். தவக்காலத்தில் தினமும் கோவிலுக்கு வந்து, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு மறுநாள் முதல் காணாமற்போகிறவர்களை அறிந்த நமக்கு இது புதிதல்ல!

அதே 2014-இல் இங்கிலாந்து அரசின் மருத்துவ வழிகாட்டுதல், இந்தச் சிகிச்சை பெறும் ஆண்களுக்கு வாரம் குறைந்தது 2 முறை வீதம் 12 வாரம் மேற்பார்வையுடன் கூடிய உடற்பயிற்சி அளிக்க வேண்டும் என்று எழுதி வைத்தது. மருந்துச் சீட்டில் மாத்திரை எழுதுவதுபோல உடற்பயிற்சியையும் எழுதும் காலம் வந்துவிட்டது.

எலும்பில் பரவியிருந்தால்?

இங்கேதான் மிகவும் கவனம் வேண்டும். எலும்பில் நோய் இருக்கும் இடம் கறையான் அரித்த உத்திரத்தைப் போன்றது. பார்வைக்குத் தெரியாது, பாரம் ஏற்றினால் முறியும். அதற்காக வீட்டையே பூட்டிவிடுவதா? அரித்த உத்திரம் எது என்று தச்சனை வைத்துப் பார்த்து, அதன் மேல் பாரம் ஏற்றாமல் மற்ற அறைகளில் குடியிருப்பதுதானே முறை?

பெர்த் நகரத்தில் அதைத்தான் செய்தார்கள். எலும்பில் நோய் பரவிய 20 ஆண்களுக்கு, ஸ்கேன் படத்தில் எந்த இடம் பாதிக்கப்பட்டிருக்கிறதோ அந்த இடத்தை விட்டுவிட்டு மற்றப் பகுதிகளுக்குப் பயிற்சி அளித்தார்கள். 12 வாரத்தில், மேற்பார்வையில் நடந்த பயிற்சியால் ஒருவருக்கும் எலும்பு முறியவில்லை. வலுவும் நடையும் தேறின. இது 2013-இல் வந்தது. பின்பு 57 பேரை வைத்து மூன்று மாதம் நடத்திய ஆய்வின் முடிவு 2018-இல் வந்தது. அதிலும் அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் கூடியது, பயிற்சியால் எலும்பு முறிவு ஏற்படவில்லை, வலியும் கூடவில்லை. 2022-இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட ஆலோசனைகளின் சாரமும் இதுவே: எலும்பு முறியும் அபாயத்தையும் பயிற்சியின் நன்மையையும் சேர்த்து எடைபோடுங்கள், சிகிச்சை செய்யும் மருத்துவரைக் கலந்துகொள்ளுங்கள், பயிற்சி பெற்றவரே சொல்லிக்கொடுக்கட்டும், எவ்வளவு எடை என்பதைவிட எப்படித் தூக்குகிறோம் என்பதைப் பாருங்கள்.

நடைமுறையில் இதன் பொருள் என்ன? முதுகெலும்பில் நோய் இருப்பவர் குனிந்து நிமிர்வது, இடுப்பை முறுக்குவது கூடாது. இடுப்பெலும்பிலோ தொடையெலும்பிலோ இருப்பவருக்கு வேக நடையை விட, உட்கார்ந்தபடி மிதிக்கும் நிலைச் சைக்கிள் ஏற்றது. கைக்கும் தோளுக்கும் அவர் பயிற்சி செய்யலாம். ஒருவருக்கு மருந்தானது அடுத்தவருக்கு விஷமாகலாம். ஆகவே, பக்கத்து வீட்டுக்காரர் செய்கிறார் என்று நீங்களும் செய்யாதீர்கள். தொலைக்காட்சியில் யாரோ செய்கிறார் என்றும் செய்யாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. முதுகில் திடீரென்று புதிய வலி, கால்கள் மரத்துப்போதல், கால் தளர்ந்து தடுமாறுதல், சிறுநீரோ மலமோ கட்டுப்படாமல் போதல் அல்லது வராமல் நின்றுபோதல் – இவற்றில் எது கண்டாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு, விடியட்டும் என்று காத்திராமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறி அது. மணிக்கணக்கில் தாமதித்தாலும் கால்கள் நிரந்தரமாகச் செயலிழந்துபோகக்கூடும்.

எப்படித் தொடங்குவது?

முதலில் உங்களுக்குச் சிகிச்சை செய்யும் டாக்டரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: "எந்தெந்த எலும்பில் இருக்கிறது? எந்த அசைவு கூடாது?" விடையை எழுதி வாங்குங்கள். அடுத்து, அந்தச் சீட்டோடு பிசியோதெரபிஸ்டிடம் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் அந்தப் பிரிவு உண்டு. அவர் உங்கள் நடையையும், கை கால் வலுவையும், இரத்த அழுத்தத்தையும் பார்த்து உங்களுக்கென்று ஒரு முறை வகுப்பார்.

அது பெரிய வித்தை ஒன்றுமில்லை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருதல். சுவரில் கையூன்றித் தள்ளுதல். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துதல். ரப்பர் பட்டையை இழுத்தல். தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்குதல். இவற்றில் உங்களுக்கு எது ஆகும் எது ஆகாது என்று சொல்லத்தான் அவர் வேண்டும். எடை தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது. புற்றுநோயாளிகள் பொதுவில் வாரம் 3 முறை 30 நிமிடம் மூச்சு சற்று வாங்கும்படியான பயிற்சியும், 2 முறை தசைப் பயிற்சியும் செய்வது நல்லது என்பது 2019-இல் வெளியான பன்னாட்டு நிபுணர்களின் கருத்து. முடியாதவர் 5 நிமிடத்தில் தொடங்கலாம். நடக்கும்போது ஜெபமாலை சொல்ல முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட மூச்சு போதாதிருக்க வேண்டும். அதுதான் சரியான வேகம். காய்ச்சல், தலைசுற்றல், புதிய வலி உள்ள நாளில் வேண்டாம். வழுக்காத செருப்பு அணியுங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உடற்பயிற்சி புற்றுநோயைக் குணமாக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஊசியையும் மாத்திரையையும் நிறுத்திவிட்டு ஓடப் போகாதீர்கள். அது மருந்துக்கு மாற்று அல்ல. மருந்து பறித்துக்கொள்வதில் ஒரு பங்கைத் திரும்ப வாங்கித் தரும் துணை. தானே எழுந்து குளிக்கவும், கோவில் படி ஏறவும், பேரனைக் கைப்பிடித்துப் பள்ளியில் விடவும் ஒரு மனிதனுக்கு வலு இருக்குமானால், அது சின்ன விஷயமா?

வீட்டாருக்கும் பங்குக்கும்

தாய்மார்களே, உங்கள் அன்பைக் குறைக்கச் சொல்லவில்லை. திசையை மாற்றச் சொல்கிறேன். "உட்காருங்க" என்பதற்குப் பதிலாக "வாங்க, நானும் கூட நடக்கிறேன்" என்று சொல்லுங்கள். டாக்டர் அனுமதித்த வேலையை அவரிடமிருந்து பிடுங்காதீர்கள். பிள்ளைகளே, அப்பாவுக்குப் பழம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவதோடு நிறுத்தாமல், வாரம் இரண்டு முறை அவரைப் பயிற்சிக்கு அழைத்துப்போக உங்களில் யார் என்று முடிவு செய்யுங்கள். பெரியவர்களே, இந்நோய் உங்களுக்கு இருக்கிறதென்றால் அது வெட்கப்பட வேண்டிய ஒன்றல்ல. ஆண்மை ஒரு சுரப்பியில் இருப்பதாக நீங்கள் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. உழைப்பில், பொறுப்பில், சொன்ன சொல்லில் இருப்பதாகவே வாழ்ந்து காட்டினீர்கள்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. பொன்விழாவின் நினைவாகக் கல்வெட்டு ஒன்று வைக்கிறோம், நல்லது. அதோடு, அடுத்த மாதம் முதல் செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் காலைத் திருப்பலிக்குப் பின் இந்த மன்றத்தில் முதியோர் உடற்பயிற்சி நடைபெறும். நம் பங்கைச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவர் மேற்பார்வை செய்ய முன்வந்திருக்கிறார். யாருக்கு என்ன நோய் என்று வாசலில் கேட்கமாட்டோம். மூட்டு வலிக்காரரும் சர்க்கரைக்காரரும் புற்றுநோயாளரும் ஒன்றாகவே நிற்பார்கள். புற்றுநோய்ச் சிகிச்சை பெறுகிறவர்கள் மட்டும் டாக்டரின் சீட்டை அந்தப் பிசியோதெரபிஸ்டிடம் தனியாகக் காட்டினால் போதும். நடந்து வர இயலாதவர்களை அழைத்துவர வின்சென்ட் தே பவுல் சபையினர் பொறுப்பேற்றிருக்கிறார்கள். 12 வாரம் கழித்து நிறுத்திவிட மாட்டோம்; ஷெஃபீல்டில் கற்ற பாடம் அது.

நாற்காலிகளை அடுக்கி வைத்திருப்போம். எழுந்து நிற்க விருப்பமுள்ளவர்கள் வாருங்கள். இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.